அது வந்துருச்சா?

நான் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். என் மேசையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கும். அதில் மை போலக் கறுப்பாகத் தண்ணீர். பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் அந்தக் கறுப்பெல்லாம் மெல்ல நகர்ந்து, காந்தம் இருக்கும் பக்கத்துக் கண்ணாடியில் போய் அப்பிக்கொள்ளும். மீதித் தண்ணீர் தெளிந்துவிடும். பாதி நாள் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கறுப்பு நகர ஆரம்பிக்கும்போதெல்லாம் என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது.

"வந்துருச்சா பாப்பா?"

முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இப்போது பார்ப்பதில்லை. பின்னால் ஒரு ஃபிரிட்ஜ்தான் இருக்கிறது, அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. இதை நான் பல பேரிடம் சத்தம் போட்டே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் குரல் என் அக்காவுடையது. அவள் போன ஆடியில் செத்துப்போனாள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தைச் சும்மா ரத்தத்தில் ஏற்றினால் அது உடம்பு முழுக்கச் சுற்றும். கெட்டதைக் கொல்வதோடு நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் கொழுக்கட்டைக்குள் பூரணம் வைக்கிற மாதிரி, கொழுப்பால் ஆன ஒரு நுண்ணிய குமிழிக்குள் மருந்தை வைத்து மூடிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் லைப்போசோம். எங்கள் குழு அதே குமிழிக்குள் மருந்தோடு இரும்புத் துகளையும் வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. வெளியே காந்தத்தை வைத்தால் குமிழி அந்த இடத்துக்கு வரவேண்டும், ஸ்கேனில் வந்த இடம் கறுப்பாகத் தெரியவேண்டும். காந்தத்தை எடுத்துவிட்டால் இந்தத் துகள்கள் காந்தம் இருந்ததையே மறந்துவிடும், ஒன்றோடொன்று ஒட்டாது. அது ரத்தக்குழாய்க்கு நல்லது. எலிகளில் கொஞ்சம் பலிக்கிறது. மனிதர்களுக்கு இன்னும் வெகு தூரம்.

கருத்தரங்குகளில் இதைப் படம் போட்டுக் காட்டுவார்கள். சிவப்பு அம்புக்குறிகள் வரிசையாகக் கிளம்பி நேராகக் கட்டிக்குள் போய் இறங்கும். ஒன்றுகூடத் தப்பாது. எனக்கு எழுந்து நின்று, உடம்புக்குள் அம்புக்குறி எதுவும் கிடையாதுய்யா என்று கத்தவேண்டும் போலிருக்கும். கத்தியதில்லை. டீ இடைவேளையில் போய் பிஸ்கட் தின்றுவிட்டு வந்துவிடுவேன்.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் ஏரியூர்ப் பக்கம். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்கு மானாவாரிக் காடு கொஞ்சம் உண்டு, கூடவே மைக் செட் வாடகைக்கு விடுவார். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய்தான் அலறும். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் நிறைய உடைந்த ஸ்பீக்கர்கள் கிடக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போனபின் ஊர் என்றால் அக்கா வீடுதான்.

அவள் நன்றாக இருந்த காலத்தில் ஒரு தடவை அந்தக் கறுப்புத் தண்ணீரை ஒரு சின்னக் குப்பியில் ஊருக்குக் கொண்டுபோனேன். இத்தனை வருசம் படித்து என்னதான் செய்கிறாய் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், காட்டிவிடலாம் என்றுதான். காந்தத்தை எடுத்துப்போக மறந்துவிட்டேன். மாமா ஷெட்டுக்குள் போய் ஒரு பழைய ஸ்பீக்கரின் பின்பக்கத்தைச் சுத்தியலால் தட்டி, வடை மாதிரி நடுவில் ஓட்டை போட்ட காந்தத்தை எடுத்து வந்தார். அக்கா களி கிண்டும் கோலைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் காந்தத்தைக் குப்பிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"வந்துருச்சா பாப்பா?"

"பொறு, வருது."

"தா வந்துருச்சு! ஏங்க, பாருங்க, வந்துருச்சு!" என்று கை தட்டினாள். எனக்கு எந்த மேடையிலும் அப்படிக் கைதட்டல் கிடைத்ததில்லை.

அப்புறம் சொன்னாள்: "இதுக்கா இத்தினி படிப்பு? எங்க பூசாரி பண்றதும் இதான பாப்பா. சுத்திக்கிட்டுத் திரியறத இரும்ப வச்சி ஒரு எடத்துல நிக்கவெக்கறது."

மாமா சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அவளுக்கு அதில் அனுபவம் இருந்தது.

நான் பாவாடை சட்டை போட்ட சிறுமியாக இருந்தபோது நடந்தது. ஊருக்கு மேற்கே ஒரு பாழுங்கிணறு, அதில் ஒரு பெண் விழுந்து செத்திருந்தாள். உச்சி வெயிலில் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க நான் ஓடினேன். அக்கா பாய்ந்து வந்து எனக்கு முன்னால் நின்று, என்னைப் பின்னால் தள்ளிவிட்டாள். நான் முள்ளில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் ஞாபகம். அதற்குப் பிறகு அக்கா சோறு தின்னாமல், தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். வேறு யாரோ போலப் பேசினாள். காத்து பிடித்துக்கொண்டது என்றார்கள். பூசாரியைக் கூட்டிவந்து ஆட்டுவித்தார்கள், என்னை அங்கே விடவில்லை. கடைசியில் அவளுடைய உச்சிமுடியில் ஒரு கற்றையை ஆணியில் சுற்றி, ரோட்டோரப் புளியமரத்தில் அடித்துவிட்டு முடியை அறுத்தார்கள். பேய் அந்த ஆணியோடு மரத்தில் நின்றுவிடும். அக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து சோறு தின்றாள்.

அந்த வயதுப் பெண்ணுக்கு ஆயிரம் இருக்கும், மனசு தாங்காமல் அப்படி ஆகியிருக்கும், இதற்கு டாக்டரைப் பார்த்திருக்கவேண்டும் என்று பிற்பாடு நான் பெரிய மனுசி மாதிரிச் சொல்வேன். அவள் மறுக்கமாட்டாள். மறுக்காமலிருப்பது அவள் வழக்கம். நம்புவதை நம்பிக்கொண்டே இருப்பாள்.

ரோட்டை அகலப்படுத்த வந்தபோது அந்தப் புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். அடிமரத்தை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், வேரை மெஷின் வைத்துத் தோண்டினார்கள். அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லையாம். அதே வருசம் அவளுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் ஊருக்குப் போனபோது பார்த்துவிட்டுச் சத்தம் போட்டு, மறுநாளே தருமபுரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே அங்கே வேலை செய்யும் பையன் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டான். அந்த மெஷினே ஒரு பெரிய காந்தம், அதனால் கேட்டே ஆகவேண்டும்.

"உடம்புல இரும்பு ஏதாச்சும் இருக்குதாம்மா? ஆபரேசன் பண்ணிக் கம்பி, பிளேட்டு, ஆணி வெச்சிருக்காங்களா?"

"ஆணியா?" என்றாள் அக்கா. "ஒண்ணு இருந்துச்சுங்க. எம்மேல இல்ல, மரத்துல. இப்ப மரமும் இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். "இரும்பு எதுவும் இல்லைங்க" என்று நான் சொன்னேன். குனிந்து அவள் மெட்டியைக் கழற்றினேன். அவள் என் தலைக்கு மேலே மெதுவாகச் சொன்னாள்: "அது வழிய மறக்கல பாப்பா. திரும்ப வந்துருச்சு."

வாயை மூடு என்று அதட்டினேன். பேய்க்குப் பயந்து அல்ல. அந்த வயிற்றில் என்ன இருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும்.

சினைப்பையில் கட்டி. ஆபரேசன் செய்து எடுத்தார்கள். அப்புறம் மருந்து ஏற்றினார்கள், முடி மொத்தமும் கொட்டிப்போனது. கொஞ்ச காலம் நன்றாக இருந்தாள். நிலக்கடலை பிடுங்கக்கூடப் போனாள். பிறகு அது திரும்பி வந்தது. இந்தத் தடவை டாக்டர் எழுதிக் கொடுத்தது லைப்போசோமில் அடைத்த மருந்து. சிவப்பாக இருக்கும், ரோஸ்மில்க் மாதிரி. பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாழ்நாள் முழுக்க எதைக் குப்பியில் வைத்துக் குலுக்கினேனோ அதன் பெரியக்கா இது. எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"இது நீ செய்யறதா?" என்றாள்.

"இதே மாதிரிதான்க்கா. குமிழிக்குள்ள மருந்து. கட்டிகிட்டப் போய்ச் சேரும்."

"நேரா போவுமா?"

"போவும்" என்றேன். மேடையில் அம்புக்குறி போடுகிறவர்களைத் திட்டுகிற நான்தான்.

அடுத்தடுத்து ஏற்ற ஏற்ற அவள் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்தன. எரிந்தன, தோல் உரிந்தது. இந்த மருந்துக்கு அது தெரிந்த விசயம். உரசலும் சூடும் அழுத்தமும் அதிகம் இருக்கும் இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாயிலிருந்து குமிழி கசிந்து தங்கிவிடும். உட்கார்ந்து டிவி பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சமாக வரும். அக்கா வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் களி கிண்டினாள், சுடுகளியைக் கையால் உருட்டினாள், களைக்கொத்துப் பிடித்தாள். நான் ஒரு மதியம் போய் இறங்கியபோது இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உரித்த தக்காளி மாதிரி இருந்தது.

"மருந்து வழி தப்பிருச்சு பாப்பா. வயித்துக்குப் போவச் சொன்னா கைக்கு வந்து நிக்குது."

நான் விளக்கிச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப, நான் எங்க வேல செய்யறனோ அங்க வருது."

குமிழிகளுக்கு அவளுடைய வயிறு தெரியாது. கட்டியில் ரத்தக்குழாய்கள் ஓட்டையாக இருக்கும், அங்கே கொஞ்சம் கசியும். மற்றபடி குமிழிகள் அவளை எங்கே தேடினாலும் கையில்தான் கண்டுபிடிக்க முடியும் போலிருந்தது.

அப்போதுதான் அவள் சேலைக்குள் கைவிட்டு அடிவயிற்றைத் தொட்டுக்காட்டினாள். பாவாடை நாடாவில் ஒரு துணிப்பை. அதற்குள் அந்த ஸ்பீக்கர் காந்தம். "அதான் இதக் கட்டியிருக்கன். நீ அன்னிக்குக் காட்டுனியே. கையில இருக்கறது இங்க வந்துருமில்ல?"

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். இந்த மருந்தில் இரும்பு கிடையாது, இரும்பு வைப்பது என் ஆய்வகத்தில், அதுவும் எலிக்கு. இதைக் கட்டிக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் போனால் அந்த மெஷின் உன்னைச் சேர்த்து இழுக்கும், வயிறு கிழிந்துவிடும். ஷெட்டிலிருந்து மாமா எட்டிப்பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். அக்கா என் முன்னாலேயே பையை அவிழ்த்துக் கீழே வைத்தாள்.

"இரும்பு இல்லன்னா அது எதைப் பாத்து வரும் பாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் அவளுடைய கைகளுக்குக் களிம்பு தடவினேன்.

அதற்குப் பிறகு ஸ்கேன் எடுக்கவே இல்லை, எடுக்கத் தேவையில்லாமல் போனது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. டாக்டர் இன்னும் ஒரு பாட்டில் ஏற்றிப்பார்க்கலாம் என்றார், அது போதவில்லை. ஏற்றிய மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் பக்கத்தில் இருந்தேன். ஜன்னல் வழியாக நல்ல வெயில். அவள் ராத்திரியிலிருந்து கண்ணைத் திறந்து சரியாகப் பேசவில்லை. திடீரென்று தெளிவாகப் பார்த்தாள்.

"பாப்பா, அது வந்துருச்சா?"

மருந்தைத்தான் கேட்கிறாள் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. அன்றைக்குக் குப்பியைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி. சாகப்போகிறவளுக்கு எதற்கு உண்மை என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்: "வந்துருச்சுக்கா. வந்து சேந்துருச்சு."

அவள் முகம் வெளுத்துப்போனது. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"நேத்துலேருந்துதான்க்கா."

அவள் உரிந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எவ்வளவு எரிந்திருக்கும். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "நான் இறுக்கித்தான புடிச்சிருக்கன்" என்றாள். "இறுக்கித்தான பாப்பா புடிச்சிருக்கன்." இன்னொரு கை இடுப்பில் எதையோ இழுத்து முடிச்சுப் போடப் பார்த்தது. வலியில் உளறுகிறாள் என்று நர்ஸைக் கூப்பிட்டேன். ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டும்போது பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். பாவாடை நாடாவில் அதே துணிப்பை. பிரித்தேன். காந்தம், அதன்மேல் துருப்பிடித்த ஒரு நீள ஆணி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆணியின் கழுத்தில் நூலா, வேரா, முடியா என்று தெரியாத ஏதோ சுற்றியிருந்தது.

"இரும்ப வெச்சிப் பொதைக்கக் கூடாதும்மா, எடுத்துருங்க" என்று ஒரு பெண் சொன்னாள்.

மாமா வாசலிலிருந்தே சொன்னார்: "எடுக்காதீங்க. அப்புடியே இருக்கட்டும்." அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

காட்டு ஓரத்தில் அவளைப் புதைத்துவிட்டு வந்தபின் ஷெட்டுக்குள் போய் அவரிடம் கேட்டேன். அவர் ஒரு வயரைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ ஏசிட்டுப் போனல்ல, அன்னிக்கே அந்தக் காந்தத்த எங்கிட்டக் குடுத்தா. மருந்த இழுக்காட்டி போவுது, ஆணிய இழுக்குமில்ல, தேடுங்கன்னா. கவுத்துல கட்டி, மரம் இருந்த எடத்துல ரோட்டோரமா இழுத்துக்கிட்டே திரிஞ்சன். சோடா மூடி, ஊக்கு, என்னென்னமோ வந்துச்சு. கடைசில இது வந்துச்சு. அதே ஆணியான்னு எனக்குத் தெரியாது. அவ அதேதான்னுட்டா."

"அத எதுக்கு மாமா வயித்துல கட்டிக்கணும்?"

"வேற மரத்துல அடிச்சிரலாம்னுதான் சொன்னன். மரம்னா நாளைக்கு இன்னொருத்தன் வெட்டுவான், எம்மேலயே நிக்கட்டும்னா." வயரைக் கீழே வைத்தார். "அது கூப்புட வந்தது உன்னய பாப்பா. கெணத்து மேட்டுல இவ குறுக்க நின்னுட்டாளாம். பூசாரி ஆட்டுனப்ப இவ வாயாலயே சொல்லிச்சாம், சின்னதுக்குத்தான் வந்தன்னு. இவ செத்துட்டா உங்கிட்ட வந்துருமோன்னு அதே கவலைதான். உங்கிட்டச் சொன்னா ஏசுவன்னு சொல்லல."

நான் அங்கேயே ஸ்பீக்கர்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அது வந்துருச்சா? வந்துருச்சுக்கா. எப்பலேருந்து? நேத்துலேருந்து. எங்கள் பேச்சில் யார், எது என்று சொல்லாமலே கேட்கலாம், சொல்லாமலே பதிலும் சொல்லலாம். அவள் மருந்தைக் கேட்கவே இல்லை. அவள் கேட்டதற்கு நான் சிரித்த முகத்தோடு பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கருமாதிக்குப் போனபோது எல்லோரும் சாப்பிடப் போனபின் நான் தனியாக அவளைப் புதைத்த மேட்டுக்குப் போனேன். செல்போனில் திசை காட்டும் முள் இருக்கிறது, காந்தம் பக்கத்தில் இருந்தால் அது தடுமாறும். அவ்வளவு மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பீக்கர் காந்தம் மேலே எட்டாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் மண்டிபோட்டு, மண்ணை ஒட்டிச் செல்போனைப் பிடித்தேன். முள் அசையவில்லை. வடக்கைக் காட்டிக்கொண்டு நின்றது.

இப்போதும் குப்பியை எடுத்துக் காந்தத்தைப் பக்கத்தில் வைக்கிறேன். கறுப்பு நகர்கிறது. அவள் கேட்கிறாள், வந்துருச்சா பாப்பா. கூடப் படித்தவர்கள், கூட வேலை செய்கிறவர்கள் யார் இருந்தாலும் சரி, வாய்விட்டே சொல்கிறேன்: "வரலக்கா. எங்கிட்ட எதுவும் வரல."

நம்புகிற மாதிரித் தெரியவில்லை. மறுநாளும் கேட்கிறாள்.